பென்ஷன் 1,200 ரூபாய், வைத்தியச் செலவு 1,570 ரூபாய்

கேள்வி:

வடலூருக்குப் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அம்மாவுக்கு 64 வயது. அப்பா இறந்து நாலு வருஷம் ஆகிறது. அம்மா தனியாகத்தான் இருக்கிறார். மாதம் 1,200 ரூபாய் விதவை பென்ஷனும் ரேஷன் அரிசியும் தவிர வேறு வருமானம் கிடையாது. ஆறு வருஷமாகச் சர்க்கரையும் பிரஷரும் இருக்கின்றன. மாதம் ஒரு நாள் வடலூரில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கூட்டிப் போகிறேன். டாக்டர் ஃபீஸ் 250, இரண்டு தடவை ரத்தம் பார்க்க 160, மாத்திரை 1,100, ஷேர் ஆட்டோ 60. வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, தருமச்சாலையில் சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி கொடுப்பார். நான் முந்திரி உடைக்கும் வேலைக்குப் போகிறவள், அன்றைக்குக் கூலி போய்விடும். அப்பா இருந்தபோது எடுத்த முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை அங்கே காட்டினால் 'இது இங்கே செல்லாதும்மா' என்றார்கள். அப்புறம் அந்த அட்டை எதற்கு? பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு டாக்டர் செலவுக்கென்று அரசாங்கம் பணம் ஏதும் தருமா? கண்ணில் புரை வேறு. ஆபரேஷனுக்கு 18,000 ஆகும் என்கிறார்கள். போன மாதம்தான் பார்த்தேன், மாத்திரைகளைப் பாதிப் பாதியாக உடைத்துப் பேப்பரில் பொட்டலம் கட்டி வைத்திருக்கிறார்.

- ஒரு மகள், கடலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியாக எழுதிய அந்தப் பொட்டலத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

மருத்துவ சமூகப் பணியாளராக நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், காலில் ஆறாத புண்ணோடு ஒரு அம்மா வார்டுக்கு வந்தார். நெல்லிக்குப்பம் பக்கம். அவருடைய மஞ்சப்பையில் பழைய சீட்டுகளுக்கு நடுவே இதே மாதிரி ஒரு பொட்டலம் இருந்தது. பிரித்துப் பார்த்தால் பாதி மாத்திரைகள், பிளேடால் நறுக்கியவை. ஓரம் உதிர்ந்து காகிதமெல்லாம் வெள்ளைத் தூள். "இருபதாம் தேதிக்கு மேல பாதிதான் போடுவேன், ஒண்ணாந் தேதி பணம் வந்ததும் முழுசாப் போட்டுக்குவேன்" என்றார். கணக்கு வழக்கில் கெட்டிக்காரர் அவர். காசை அளப்பது போல மருந்தையும் அளந்திருக்கிறார். அவருக்கு இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. உங்கள் அம்மாவின் பொட்டலம் உங்கள் கண்ணில் பட்டுவிட்டது. அந்த அம்மாவின் பொட்டலத்தை வீட்டில் யாரும் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சர்க்கரை மாத்திரைகளில் மெதுவாகக் கரையும் வகை ஒன்று உண்டு. பட்டையில் மருந்தின் பெயருக்குப் பின்னால் 'எஸ்.ஆர்.' அல்லது 'எக்ஸ்.ஆர்.' என்ற இரண்டு எழுத்து இருக்கும். அதை உடைத்தால், நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்க வேண்டிய மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். இன்றைக்கே பட்டையைப் பாருங்கள். அந்த எழுத்துகள் இருந்தால் உடைக்கவே கூடாது என்று அம்மாவிடம் சொல்லிவிடுங்கள்.

சரி, கேள்விக்கு வருகிறேன். தனியார் டாக்டர் ஃபீஸுக்கென்று பென்ஷன்தாரர் கையில் பணமாகத் தரும் திட்டம் தமிழ்நாட்டில் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. "மருத்துவ உதவித்தொகை வாங்கித் தருகிறேன்" என்று யாராவது வந்து ஆதார் நகலும் ஐந்நூறு ரூபாயும் கேட்டால் கொடுக்காதீர்கள். அரசு உதவி என்பது பணமாக இல்லை, வைத்தியமாகவே இருக்கிறது. அது இரண்டு வெவ்வேறு வாசல்களில் கிடைக்கிறது. மாதா மாதம் ஆகும் மாத்திரை, பரிசோதனைக்கு ஒரு வாசல். படுக்கையில் சேர்க்க வேண்டிய பெரிய வைத்தியத்துக்கு இன்னொன்று. நீங்கள் இரண்டாவது வாசலின் சாவியை முதல் வாசலில் போட்டுத் திறந்து பார்த்திருக்கிறீர்கள். தப்பு உங்களுடையது இல்லை. அட்டையைக் கையில் கொடுத்தவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

மாதச் செலவுதான் உங்களை அரிக்கிறது, அதனால் அதை விரிவாகவே சொல்கிறேன். உங்கள் ஊருக்கான ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் தனியாகப் பதிவேடு வைத்துப் பார்க்கிறார்கள். அதற்கென்றே ஒரு செவிலியர் இருப்பார். டாக்டர் பார்ப்பது, ரத்தப் பரிசோதனை, மாத்திரை எல்லாமே இலவசம். இதற்குக் காப்பீட்டு அட்டையும் வேண்டாம், பென்ஷன் உத்தரவும் வேண்டாம். பென்ஷன் வாங்குகிறவர் என்பதற்காகத் தருவதில்லை, யார் போனாலும் உண்டு. உங்கள் கணக்கில் 250, 160, 1,100 என்ற மூன்று வரிகளும் இந்த ஒரு இடத்தில் விழுந்துவிடும். ஆட்டோவுக்கான 60 ரூபாயும் மிஞ்சும், டவுன் பஸ் அந்த வழியில் போகிறதென்றால். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டுக்குக் காசு கிடையாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

அன்றைய கூலி என்று ஒன்று மீதி இருக்கிறது. அதற்குத்தான் 'மக்களைத் தேடி மருத்துவம்'. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்க வந்த திட்டம் இது. சர்க்கரை, பிரஷர் என்று பதிவானவர்களுக்கு, அந்தந்தப் பகுதிப் பெண் சுகாதாரத் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து, குளுக்கோமீட்டரில் ரத்தம் பார்த்து, மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போவார். இதில் சேர நேராக விண்ணப்பம் எதுவும் போட வேண்டியதில்லை. ஒரு தடவை அம்மாவைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய், டாக்டர் பார்த்து மருந்து முடிவாகிப் பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும். அப்போதே "வீட்டுக்கு வந்து கொடுப்பார்களா, எங்கள் தெருவுக்கு யார் வருகிறார்?" என்று கேட்டு, அந்தத் தன்னார்வலரின் போன் நம்பரை வாங்கிக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் பெயர் விட்டுப்போகிறவர்களில் பெரும்பாலோர் தனியாரிடம் வைத்தியம் பார்க்கிறவர்கள்தான். அவர்களுக்குச் சர்க்கரை இருக்கிறது என்பதே சுகாதார நிலையத்துக்குத் தெரியாது. கிராம சுகாதாரச் செவிலியர் உங்கள் ஊருக்கு வரும்போது சொல்லிவைத்தாலும் போதும், அவர் வழிகாட்டுவார்.

இங்கே உங்கள் அம்மா ஒரு கேள்வி கேட்பார். எல்லா அம்மாக்களும் கேட்பதுதான்: "கவர்மென்ட் மாத்திரை கேக்குமா?" கேட்கும். அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் சுகாதார நிலையங்களுக்கும் மருந்து வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-இல் தொடங்கிய அந்த அமைப்பு, வரும் மருந்திலிருந்து மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பி, தேறிய பிறகுதான் வெளியே விடுகிறது. பட்டை பளபளப்பாக இருக்காது, பெயர் வேறாக இருக்கும். உள்ளே இருப்பது சர்க்கரைக்கு அதே மெட்ஃபார்மின்தான், பிரஷருக்கு அதே அம்லோடிபின்தான்.

ஆனால் தனியாரிலிருந்து அரசு மருந்துக்கு மாறும் அந்த முதல் வாரத்தில் ஒரு ஆபத்து உண்டு. இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். கிளினிக்கில் எழுதும் மாத்திரைகள் பலவற்றில் இரண்டு மருந்துகள் ஒன்றாகக் கலந்திருக்கும். சர்க்கரைக்குக் கிளைமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்தது ஒன்று, பிரஷருக்கு டெல்மிசார்ட்டானும் அம்லோடிபினும் சேர்ந்தது ஒன்று, இப்படி. சுகாதார நிலையத்தில் பெரும்பாலும் தனித்தனியாகத்தான் கொடுப்பார்கள். காலையில் இரண்டு மாத்திரை போட்டவர் கையில் நாலு மாத்திரை வரும். "நோய் முத்திப்போச்சு போலிருக்கு" என்று சிலர் பயந்து புது மாத்திரையைத் தொடவே மாட்டார்கள். வேறு சிலர், காசு கொடுத்து வாங்கியதை வீணாக்க மனம் வராமல் பழையதையும் புதியதையும் சேர்த்துப் போட்டுவிடுவார்கள். அப்படிப் போட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடும். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், பேச்சு குழறும். தனியாக இருக்கும் அம்மாவுக்கு இரவில் அப்படி ஆனால் பக்கத்தில் ஆள் இல்லை. ஆகவே டாக்டர் புது மருந்து எழுதியதும், பழைய பட்டைகளை அவர் மேஜை மேலேயே வைத்து, "இதில் எதை நிறுத்த வேண்டும்?" என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். நிறுத்தச் சொன்னதை வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். அம்மா தலைமாட்டில் கொஞ்சம் வெல்லமோ சர்க்கரையோ ஒரு டப்பாவில் எப்போதும் இருக்கட்டும்.

சில மாதம் ஏதாவது ஒரு மருந்து இருப்பில் இல்லை என்று சொல்லக்கூடும். அப்போது பழைய பிராண்டையே தேடி மெடிக்கலுக்குப் போகாமல், மருந்தின் மூலப்பெயரை (கம்பெனி வைத்த பெயரை இல்லை, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை) சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டு மக்கள் மருந்தகத்துக்கோ முதல்வர் மருந்தகத்துக்கோ போங்கள். முதல்வர் மருந்தகங்கள் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டவை. இரண்டு இடத்திலும் மூலப்பெயர் மருந்துகளின் விலை பிராண்ட் மருந்தைவிட நன்றாகவே குறைவு. அந்த ஒரு மருந்தை மட்டும் வாங்கினால் போதும்.

இனி அந்த அட்டை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் என்பது ஆஸ்பத்திரியில் சேர்த்துச் செய்யும் வைத்தியத்துக்கானது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உங்கள் அம்மாவின் பென்ஷனைக் கூட்டினால் ஆண்டுக்கு 14,400 தான், எனவே அதில் சிக்கல் இல்லை. இருதய அறுவை, டயாலிசிஸ், புற்றுநோய் வைத்தியம், சில பெரிய பரிசோதனைகள் எல்லாம் இதில் வரும். திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரிகளிலும் செல்லும், அரசு ஆஸ்பத்திரியிலும் செல்லும். காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்க்கும் ஃபீஸுக்குச் செல்லாது.

செல்லாத இடத்தில் காட்டியதால் அதைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது ஃபீஸைவிட இதுதான்: அட்டை அப்பா இருந்தபோது எடுத்தது. ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சேர்க்கும் நேரத்தில், அதில் அம்மாவின் பெயரும் படமும் இருக்கிறதா, இப்போதைய ரேஷன் கார்டோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. இப்போது உடம்பு நன்றாக இருக்கும்போதே 1800 425 3993 என்ற இலவச எண்ணுக்குப் போன் செய்து, அட்டை எண்ணைச் சொல்லி, அம்மாவின் பெயர் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் கடலூர் ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போக வேண்டும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று மூன்றும் வேண்டும். படம் எடுப்பார்கள், அதனால் அம்மாவே நேரில் வர வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. ரேஷன் ஸ்மார்ட் கார்டில் குடும்பத் தலைவர் பெயர் இன்னும் அப்பாவுடையதாகவே இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், இறப்புச் சான்றோடு இ-சேவை மையத்துக்கோ வட்ட வழங்கல் அலுவலகத்துக்கோ போய் முதலில் அதை மாற்றுங்கள். அப்புறம் வருமானச் சான்று, அதன் பிறகு காப்பீட்டு மையம். இந்த வரிசை முக்கியம். பல வருஷத்துக்கு முன்னால் ஒரு வயதானவரை இதைச் சொல்லாமல் கடலூருக்கு அனுப்பிவிட்டேன். கார்டில் இறந்துபோன மனைவி பெயர் நீக்கப்படவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வேப்பூர் பக்கத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர். திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்து கோபப்படக்கூட இல்லை, "மறுபடி எப்பம்மா வரணும்?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து யாரை எங்கே அனுப்புவதாக இருந்தாலும் முதலில் ரேஷன் கார்டை வாங்கிப் பார்த்துவிடுகிறேன்.

அட்டையில் வைத்தியம் நடக்கும்போது, திட்டத்தில் அடங்கிய சிகிச்சைக்கு உங்களிடம் தனியாகப் பணம் கேட்கக் கூடாது. கேட்டால் அங்கே காப்பீட்டுக்கென்று ஒரு தொடர்பு அலுவலர் உட்கார்ந்திருப்பார், அவரிடம் போங்கள். அவரும் மழுப்பினால் அதே இலவச எண். அதிலும் நடக்கவில்லையென்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு. கட்டச் சொன்ன பணத்துக்கு ரசீது கேட்டு வாங்கிவைத்திருந்தால்தான் மனுவுக்குப் பலம்.

கண் புரைக்கு 18,000 செலவு செய்ய வேண்டாம். அரசு மருத்துவமனைகளின் கண் பிரிவில் லென்ஸ் வைத்துச் செய்யும் புரை அறுவை இலவசம். கடலூர் மஞ்சக்குப்பம் அரசு தலைமை மருத்துவமனைக்கே போகலாம். இல்லையென்றால் புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது, கடலூர் - புதுச்சேரி சாலையிலேயே. அங்கே கட்டணப் பிரிவும் இலவசப் பிரிவும் தனித்தனி. அவர்கள் ஊர் ஊராக நடத்தும் கண் முகாமில் தேர்வானால் அழைத்துப் போய் அறுவை செய்து அனுப்புவார்கள். உங்கள் பக்கம் முகாம் எப்போது என்று கேட்டுவையுங்கள். ஆனால் ஒன்று, சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரியிலும் அறுவையைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள். அதனால் சுகாதார நிலைய வேலையை முதலில் முடியுங்கள். மாத்திரை ஒழுங்காக உள்ளே போகட்டும், பிறகு கண். புரைதான் என்று அலட்சியமாக இருந்துவிடவும் கூடாது. ஆறு வருஷச் சர்க்கரை விழித்திரையையும் பாதித்திருக்கலாம், பின்பக்கம் வரை சொட்டு மருந்து விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

கண்ணைச் சொல்லும்போது புதுச்சேரியில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் எது என்றாலும் விடிகாலை பஸ் பிடித்து கோரிமேட்டுக்குப் போய் வரிசையில் நிற்கும் வழக்கம் இருக்கிறது. பெரிய நோய்க்கு, சிக்கலான அறுவைக்கு அது சரி. எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றிய இடம். மாதாந்திரச் சர்க்கரை மாத்திரைக்கு அங்கே போவது அம்மாவின் உடம்புக்கும் உங்கள் கூலிக்கும் நஷ்டம். முள்ளோடைக்கு அந்தப்பக்கம் அரசே வேறு என்பதும் நினைவிருக்கட்டும். அங்குள்ள சிவப்பு ரேஷன் கார்டுக்கு என்று பேசப்படும் சலுகைகளை நம் கார்டுக்கும் உண்டு என்று நம்பிக் கிளம்பக் கூடாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடலூர் சிப்காட்டிலோ ஏதாவது ஒப்பந்தக்காரரிடமோ வேலை செய்து, சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) என்று முக்கால் சதவீதம் பிடிக்கிறார்களா என்று பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு அது உண்டு. இ.எஸ்.ஐ.யில் சாதாரணக் காய்ச்சலுக்கு டாக்டரைப் பார்ப்பதிலிருந்து எல்லாமே அடங்கும், மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து. உங்களை நம்பியிருக்கும் பெற்றோரின் மாத வருமானம் 9,000 ரூபாய்க்குள் இருந்தால் அவர்களையும் சேர்க்கலாம். மாதம் தவறாமல் பணம் பிடிக்கப்பட்டும், குடும்பத்தார் பெயரைப் பதியாமலே கிளினிக்கில் ஃபீஸ் கட்டும் ஆட்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். அது அவர்களுடைய சொந்தப் பணம், அதனால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

சகோதரி, நீங்கள் இந்த வாரம் செய்ய வேண்டியது ஒரு அரை நாள் வேலைதான். சர்க்கரைக்கு எந்தக் கிழமை பார்க்கிறார்கள் என்று ஊர்ச் செவிலியரிடம் கேட்டுக்கொண்டு, காலையில் அம்மாவை வெறும் வயிற்றில் கூட்டிப் போங்கள். கையில் ஒரு டப்பா இட்லியும் இருக்கட்டும், சாப்பிட்ட பின் ரத்தம் பார்க்க ஆகும். கிளினிக் சீட்டுகள், பழைய ரத்த ரிசல்ட்டுகள், காலிப் பட்டைகள் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பாதி மாத்திரைப் பொட்டலத்தையும் மறக்காமல் எடுத்துப் போங்கள். அம்மா வெட்கப்பட்டு வேண்டாம் என்பார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு நீங்களே டாக்டர் முன்னால் பிரித்து வையுங்கள். மருந்தின் அளவை முடிவு செய்யும் முன்னால் அவர் அதைப் பார்த்தாக வேண்டும். கிளினிக் சீட்டில் இருக்கும் அளவு முழுவதும் உடம்புக்குள் போயிருக்கிறது என்று நினைத்து எழுதிவிட்டால், மருந்து கூடிப்போகும்.